தண்டவாளம் வராத தீவு

அந்தமானுக்கு ரயில் கேட்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது ஒரு சாலையின் கதை

அந்தமானின் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) ரயில் டிக்கெட் முன்பதிவு மையம் உண்டு, ரயில்தான் இல்லை. டிக்கெட் எடுத்தவர் கப்பலிலோ விமானத்திலோ சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ போய்ச் சேர்ந்த பிறகே ரயிலைப் பார்க்க முடியும்.

இந்தக் குறையைத் தீர்க்க 2017ல் ரயில்வே அமைச்சகம் முன்வந்தது. தலைநகரிலிருந்து வடகோடியிலுள்ள டிக்லிபூர் வரை 240 கி.மீ. அகலப் பாதை, மதிப்பீடு சுமார் 2,400 கோடி ரூபாய். போட்ட முதலே திரும்பாது என்பது ரயில்வேயின் சொந்தக் கணக்கு: வருவாய் விகிதம் மைனஸ் 9.64 சதவீதம். ஆயினும் தீவுகளின் ராணுவ முக்கியத்துவத்தைக் கருதி பச்சைக் கொடி காட்டப்பட்டது. ஆண்டுகள் பல கடந்தும் ரயில் ஓடவில்லை.

தேவை பொய்யல்ல. டிக்லிபூரில் ஒருவருக்குப் பெரிய சிகிச்சை தேவையென்றால் தலைநகரில் உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும். பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு பகல் முழுவதும் போய்விடும். கப்பல் இன்னும் மெதுவானது. ரயிலில் மூன்றே மணி நேரம் என்றது திட்டம்.

பஸ்ஸின் தாமதத்துக்குத் தூரம் மட்டும் காரணமல்ல. அந்தமான் டிரங்க் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தை ஊடுருவிச் செல்கிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் காத்திருக்கும் வாகனங்கள் குறித்த நேரத்தில், போலீஸ் துணையுடன், அணிவகுத்துத்தான் காட்டைக் கடக்க வேண்டும். வழியில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 1990களின் இறுதியில் ஜாரவாக்கள் காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. காப்பகத்தின் வழியே செல்லும் சாலைப் பகுதிகளை மூடும்படி 2002ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. உணவைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆட வைக்கும் வீடியோ 2012ல் வெளியானபோது உலகமே முகம் சுளித்தது.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்த யூனியன் பிரதேசத்தில் வசிப்பவர்கள் 3.8 லட்சம் பேர். ஜாரவாக்கள் 380 பேர். ஆயிரத்தில் ஒருவர். சாலை போட்டபோது அந்த ஒருவரை யாரும் கேட்கவில்லை.

கடலோரமாகப் போகும் என்று சொல்லப்பட்ட ரயில் பாதை இருவருக்குமே உதவக்கூடும். நோயாளிக்குக் காட்டைத் தொடாத வழி கிடைத்துவிட்டால், நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றாமலிருக்கச் சாக்கு இராது. ஆனால் சாலையும் திறந்திருக்க, ரயில் கூட்டமும் சேர்ந்தால், 380 பேருக்கு ஒதுங்க இடம் இருக்காது. முதலில் எழுத வேண்டிய நிபந்தனை இதுதான்: ரயில் ஓடும் நாளில் காட்டுச் சாலை மூடப்பட வேண்டும்.