அரைக்காசு அம்மனை அழைக்கும் முன்பு

வீட்டில் ஒரு பொருள் காணாமற்போனால் பெரியவர்களின் நாவில் முதலில் எழும் திருநாமம் அரைக்காசு அம்மன். சிறிது வெல்லத்தைத் தனியே எடுத்துவைத்து, "தாயே, நீதான் கண்ணில் காட்ட வேண்டும்" என்று வேண்டிக்கொள்வது நெடுநாளைய வழக்கம். அந்த அன்னை புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் கோகர்ணேசுவரருடன் எழுந்தருளியிருக்கும் பிரகதாம்பாளே. தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வமான அவளுடைய திருவுருவம் பொறித்த சிறு செப்புக்காசுகள் நவராத்திரி நாட்களில் மக்களுக்கு வழங்கப்பட்டன. அம்மன் காசு என்றும் அரைக்காசு என்றும் அவற்றுக்குப் பெயர். அந்தப் பெயரே அன்னைக்கும் நிலைத்துவிட்டது.

அவளிடம் முறையிடப்படும் பொருள்களில் வைரத்தோட்டின் திருகாணியும், மூக்குத்தியிலிருந்து உதிர்ந்த கல்லும் எத்தனையோ இருக்கும். வைரம் உறுதியானதுதானே, அது ஏன் தொலைகிறது? திருக்கோகர்ணத்துக்குச் செல்லும் அன்பர்கள் அப்படியே சித்தன்னவாசலுக்கும் சென்றுவந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

ஓவியத்தில் ஒளிரும் அணிகலன்கள்

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசல் செல்லும் வழியில் இருக்கிறது சித்தன்னவாசல். இங்குள்ள அறிவர் கோயில் சமணப் பெருமக்களின் குடைவரை. ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதன் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுப்பித்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. விதானத்தில் தாமரைத் தடாகம், மீன்கள், அன்னங்கள், யானைகள், மலர் கொய்யும் மனிதர்கள். தூண்களில் மகுடம் தரித்த அரசன், அருகே அரசி, ஆடல் மகளிர் இருவர். அம்மகளிரின் செவியிலும் கழுத்திலும் கரத்திலும் விளங்கும் அணிகலன்களை நோக்கினால், பொன்னையும் மணியையும் நம் முன்னோர் எவ்வளவு நயமாக அணிந்தனர் என்பது புலப்படும்.

ஆனால் அந்த ஓவியங்கள் இன்று முழுமையாக இல்லை. மலை அசையாமல் நிற்கிறது. பாறைமேல் பூசிய சுண்ணச்சாந்தும் அதன்மேல் தீட்டிய வண்ணமுமே பல இடங்களில் உதிர்ந்துவிட்டன. வைர நகையும் இப்படித்தான். கல் தேய்வதில்லை. அதைப் பற்றியிருக்கும் மெல்லிய தங்கம் தேய்கிறது, வளைகிறது, தளர்கிறது. நாம் பேண வேண்டியது முதலில் அந்தப் பிடிப்பைத்தான்.

உறுதியும் ஒரு பலவீனமும்

கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10, மாணிக்கத்துக்கு 9, முத்துக்கு ஏறக்குறைய 3 மட்டுமே. ஆகவே வைரத்தில் எளிதில் கீறல் விழாது. ஆயினும் அது உடையாத பொருள் அன்று. அதன் உள்ளமைப்பில் சில திசைகள் உண்டு. அத்திசையில் கூர்மையான அடி பட்டால் பிளந்துவிடும். மோதிரத்தோடு அம்மிக்கல்லையோ இரும்பு வாணலியையோ கையாளலாகாது என்று பாட்டிமார் சொன்னதில் பொருள் உண்டு.

வைரத்துக்கு இன்னோர் இயல்பு, எண்ணெயை ஈர்த்துக்கொள்வது. தலையில் தடவும் எண்ணெய், முகத்து மஞ்சள், நெற்றியிலிருந்து உதிரும் குங்குமம், திருநீறு யாவும் தோட்டின் அடியில் படிகின்றன. ஒளி உட்புகுந்து திரும்பி வருவது தடைப்படுவதால் கல் மங்கித் தோன்றும். "பழைய வைரம் ஒளி இழந்துவிட்டது" என்று கருதி மாற்றிவிட நினைப்பவர்கள் முதலில் அதைத் தூய்மை செய்து பார்க்கட்டும்.

தூய்மை செய்யும் முறை

முதலில் கட்டடத்தைக் கவனியுங்கள். கல்லின் பின்புறம் திறந்திருந்தால் நீரில் ஊறவைக்கலாம். பழைய தோடுகள் பலவற்றில் பின்புறம் தங்கத்தால் மூடியிருக்கும். அதனுள் நீர் புகுந்து தங்கினால் கல் மேலும் மங்கும். ஆகையால் அவற்றை ஊறவைக்காமல், சற்றே ஈரமான மெல்லிய துணியால் மேற்புறத்தை மட்டும் துடைத்து, உட்புறத் தூய்மையை நம்பிக்கையான பொற்கொல்லரிடம் விட்டுவிடுவதே நன்று.

திறந்த கட்டட நகைக்கு, ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர் எடுத்து, மென்மையான சோப்புக் கரைசல் சில துளிகளோ பூந்திக்கொட்டை ஊறிய நீரோ சேர்த்து, கால் மணி நேரம் ஊறவிடுங்கள். குழந்தைகளுக்கான மெல்லிய பல்துலக்கியால் அடிப்புறத்தை இதமாகத் தேய்த்து, மற்றொரு கிண்ணத்து நல்ல நீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி உலரவிடுங்கள். ஓடும் குழாயடியில் ஒருபோதும் கழுவ வேண்டாம்; கை நழுவினால் நகை சாக்கடையில்தான் சென்று சேரும். கொதிநீரிலிருந்து எடுத்துக் குளிர்நீரில் போடுவதும் தீங்கு. வெண்மையாக்கும் குளோரின் திரவம் தங்கக் கலவையை அரிக்கும். பற்பசை தங்கத்தைக் கீறும். முத்து, பவளம், மரகதம் சேர்ந்த நகைகளை இவ்வாறு ஊறவைக்கலாகாது.

தூய்மை செய்யும் பொழுதே பிடிப்பையும் சோதித்துவிடலாம். நகையைக் காதருகே வைத்து விரலால் மெல்லத் தட்டுங்கள். கல் ஆடினால் சிறு ஓசை கேட்கும். பட்டுப்புடவையின் இழை அடிக்கடி சிக்குமானால், கல்லைப் பிடித்திருக்கும் தங்க முனை ஒன்று நிமிர்ந்துவிட்டது என்று அறியலாம். திருகாணியின் மரை தேய்ந்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். சிறு செலவுதான், பெரிய இழப்பைத் தவிர்க்கும்.

எங்கே வைப்பது?

வைரம் மற்ற மணிகளைக் கீறும்; மற்றொரு வைரத்தையும் கீறும். ஒரே பெட்டியில் குவித்து வைக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனி மென்துணிப் பையிலோ அறையறையாகப் பிரித்த பெட்டியிலோ வைப்பது நலம். தோடுகளைத் திருகாணி பூட்டியே வையுங்கள்.

நம்மவர் சிலர் கள்வருக்கு அஞ்சிப் பழம்புடவை மடிப்பிலும் அரிசிப் பானையிலும் ஒளித்துவைப்பதுண்டு. ஒளித்தவர் மறந்துவிட, புடவை பாத்திரக்காரரிடம் போய்ச் சேர்ந்துவிடும். இடம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்; வீட்டில் நம்பிக்கைக்குரிய இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும். குளிக்கும்போது கழற்றிய மோதிரத்தைத் தொட்டி விளிம்பில் வைப்பதும், தீர்த்தமாடப் போகும் தலத்துக்கு வைரம் அணிந்து செல்வதும் வேண்டாம். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கும். மோதிரம் நழுவுவது தெரியாது.

வங்கிப் பெட்டகத்தில் வைப்போர் நியமனதாரரைப் பதிவு செய்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். 1.1.2022 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். உள்ளே என்ன இருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியாது. அதை எழுதிவைக்கும் கடமை நம்முடையது.

ஒரு சிறு குறிப்பேடு

ஒவ்வொரு நகைக்கும் ஒரு பக்கம். கற்கள் எத்தனை, எடை எவ்வளவு (ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம்), ரசீது, ஒரு புகைப்படம். வைரத்தின் குற்றங்களாகப் பழந்தமிழர் புள்ளி போன்ற விந்து, கோடு போன்ற ஏகை, காக்கையின் கால் போன்ற காகபாதம், களங்கம் எனப் பகுத்தறிந்தனர். நம் கல்லில் அப்படி ஓர் அடையாளம் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளலாம். பழுது பார்க்கக் கொடுத்துத் திரும்பப் பெறும்போது நம் கல்தானா என்றறிய உதவும். கொடுக்கும்பொழுது கற்களை எண்ணி, எடை போட்டு, எழுத்தில் பெறுவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அந்தப் பக்கத்தின் அடியில் இன்னும் இரண்டு வரி எழுதுங்கள்: இது யார் தந்தது, இனி யாருக்கு உரியது. மாமியார் காதிலிருந்து கழற்றிப் பூட்டிய தோடா, முதற் சம்பளத்தில் கணவர் வாங்கித் தந்த மூக்குத்தியா என்பது நம்மோடு மறைந்துபோனால், பிள்ளைகளுக்கு எஞ்சுவது விலை மட்டுமே. விலை மட்டும் எஞ்சிய இடத்தில்தான் உடன்பிறந்தோரிடையே மனவருத்தம் முளைக்கிறது. ஒரு ஜோடித் தோடு ஆளுக்கொன்றாகப் பிரிகிறது. சட்டப்படி நிலைக்க வேண்டுமானால் இதை உயிலிலும் சேர்ப்பது நல்லது.

சித்தன்னவாசல் குன்றின் மேல் ஏழடிப்பட்டம் என்னும் குகை இருக்கிறது. அங்கே 17 கற்படுக்கைகள், தலைவைக்கக்கூடக் கல்லே. யாதொன்றும் உடைமையெனக் கொள்ளாத துறவியர் அவற்றில் துயின்றனர். கீழே அறிவர் கோயிலில் அணிகலன் பூண்ட அரசியும் ஆடல் மகளிரும். இல்லறத்தாராகிய நாம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம். அணிகலனை மகிழ்ந்து அணிவோம். அடுத்த தலைமுறைக்கு உரியதைச் சில காலம் காத்துவைத்திருக்கிறோம் என்ற எண்ணத்தோடு பேணுவோம். வருகிற வெள்ளிக்கிழமை தோட்டைத் துடைத்துத் திருகாணியைச் சரிபார்த்துப் பூட்டிக்கொண்டு, குறிப்பேட்டின் முதல் பக்கத்தையும் எழுதத் தொடங்குங்கள். அதன் பிறகு பிரகதாம்பாளின் சந்நிதியில் வைக்கும் வெல்லம், தொலைந்ததைத் தேடித் தருமாறு கேட்பதற்காக அல்லாமல், தந்ததைக் காத்தமைக்கு நன்றியாக அமையட்டும்.