நாட்டுக்கு நாடு வேடம் மாற்றும் இணைய மோசடி

இணையவழி மோசடி எல்லா நாட்டிலும் ஒரே முகத்தோடு வருவதில்லை. அந்தந்த நாட்டு மக்கள் எதை நம்பிப் பழகியிருக்கிறார்களோ, அதன் பெயரில்தான் மோசடிக்காரர் வருகிறார்கள்.

பிரான்சில் அது மருத்துவக் காப்புறுதி அட்டை. "உங்கள் புதிய கார்த் விதால் தயார், தபாற்செலவை மட்டும் செலுத்துங்கள்" என்று குறுஞ்செய்தி வரும். சில யூரோக்கள்தானே என்று வங்கி அட்டை இலக்கத்தைக் கொடுத்தால், சில நாட்களில் "வங்கி ஆலோசகர்" ஒருவர் அழைப்பார். உங்கள் பெயரும் அட்டை இலக்கமும் அவரிடம் இருப்பதால் நம்பிவிடுவோம். "திருட்டைத் தடுக்கச் செயலியில் உறுதிப்படுத்துங்கள்" என்பார். அந்த உறுதிப்படுத்தலோடுதான் பணம் போகிறது.

ஜேர்மனியில் பிள்ளையின் பெயரில் வருகிறார்கள். "அம்மா, என் கைபேசி உடைந்துவிட்டது, இது புது இலக்கம்" என்று வட்ஸ்அப்பில் தொடங்கி, அவசரக் கட்டணம் ஒன்றில் முடியும். நோர்வேயில் குறி, பாங்க்ஐடி இரகசியக் குறியீடு. பழைய காலப் பெயர் கொண்ட முதிய பெண்களைத் தேடி அழைப்பதால் காவல்துறை இதை "ஓல்கா மோசடி" என்கிறது.

பிரித்தானியாவில் "உங்கள் பணத்தைப் பாதுகாப்பான கணக்குக்கு மாற்றுங்கள்" என்பார்கள். எந்த வங்கியும் அப்படிக் கேட்காது. அங்கே 2024 ஒக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு நாமே அனுப்பிய பணத்தையும் வங்கிகள் பொதுவாக 85,000 பவுண்டுகள் வரை திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப்பாதி ஏற்கும். 13 மாதங்களுக்குள் கோர வேண்டும்.

ஆனால் வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்பிய பணத்துக்கு இந்த விதி பொருந்தாது. பல நாடுகளில் சிதறியிருக்கும் நம் குடும்பங்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். உறவினரின் வட்ஸ்அப் கணக்கு களவாடப்பட்டு, "அவசரமாகக் காசு அனுப்பு" என்று செய்தி வந்தால், அவரின் பழைய இலக்கத்துக்கு அழைத்துக் குரலைக் கேட்ட பின்பே அனுப்புங்கள். ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

வங்கி என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறமுள்ள இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள். பிரித்தானியாவில் 159 பெரும்பாலான வங்கிகளோடு இணைக்கும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. மொழி தெரியாத பெற்றோர் ஏமாந்தால், திட்டுவார்களோ என்று பயந்து பல நாள் மறைத்துவிடுகிறார்கள். அதற்குள் பணம் பல கணக்கு தாண்டிவிடும். முதலில் வங்கிக்கு அழையுங்கள், பிறகு காவல்துறையில் முறையிடுங்கள். ஏன் கொடுத்தீர்கள் என்ற கேள்வியைத் தள்ளிப் போடுங்கள்.