வாக்கியம் சரிதான், ஆனா எந்த அர்த்தத்துல?

நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "ஒரு இங்கிலீஷ் வாக்கியத்துக்கு ரெண்டு அர்த்தம் வந்தா அது கிராமர் தப்பா?" இதுல நானே அடி வாங்கியிருக்கேன், அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் வேலையை விட்டப்போ, எனக்குத் தொழில் கத்துக்கொடுத்த சீனியர் அண்ணன் வேற ஊர் கிளையில இருந்தார். அவர் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு மெயில் போட்டேன்: "ஐ டிட் நாட் லீவ் த ஜாப் பிகாஸ் ஆஃப் யூ." "ரொம்ப சந்தோஷம்டா தம்பி"ன்னு பதில் வந்தது. நான் போனதுல இவருக்கு இவ்வளவு சந்தோஷமான்னு எனக்கு வருத்தம். ரெண்டு வாரம் கழிச்சு போன்ல பேசினப்பதான் விளங்கிச்சு. நான் சொன்னது: வேலையை விட்டேன், ஆனா காரணம் நீங்க இல்ல. அவர் படிச்சது: நீங்க இருக்கீங்களேன்னுதான் நான் வேலையை விடல.

இலக்கணத்தைப் பாருங்க. எழுவாய் இருக்கு, 'டிட் நாட்'டுக்குப் பிறகு 'லெஃப்ட்'னு போடாம 'லீவ்'னு சரியாப் போட்டிருக்கேன். 'நாட்' எதை மறுக்குது என்பதுலதான் சிக்கல். விட்டதையா, காரணத்தையா? இங்கிலீஷ் இலக்கணம் ரெண்டையும் அனுமதிக்கும். அதனால இது ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை சரியான வாக்கியம்! கம்ப்யூட்டர் சிவப்புக்கோடு போடாததும் அதனாலதான்.

சோதிக்க நான் செய்யறது, காரணத்தை இடம் மாத்திப் பார்ப்பது. 'பிகாஸ் ஆஃப் யூ'வை முன்னாடி கொண்டு வந்தா, அண்ணன் படிச்ச அர்த்தம் மட்டும்தான் மிஞ்சும். என் அர்த்தம் வேணும்னா, "ஐ லெஃப்ட் த ஜாப், பட் நாட் பிகாஸ் ஆஃப் யூ." தமிழ்ல இந்தக் குழப்பம் இல்லைன்னு பெருமைப்பட வேண்டாம். "உங்களால நான் வேலையை விடல"ன்னா இதே கதைதான். "நான் வேலையை விட்டது உங்களால இல்ல"ன்னு திருப்பிப் போடணும்.

எனக்கு ரெண்டு வார வருத்தத்தோட போச்சு. அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல ஓக்ஹர்ஸ்ட் டெய்ரிக்கு 50 லட்சம் டாலர் போச்சு. ஓவர்டைம் கிடையாதுன்னு அந்த மாநிலச் சட்டம் சொன்ன வேலைகளோட பட்டியல், "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்"னு முடியும். 'ஷிப்மென்ட்'டுக்குப் பிறகு கமா இல்ல. விநியோகமே தனி வேலையா, இல்ல விநியோகத்துக்காக பேக் பண்றதா? டிரைவர்கள் விநியோகம் பண்ணுவாங்க, பேக் பண்ண மாட்டாங்க. கீழ்க்கோர்ட் கம்பெனி பக்கம் நின்னுது. 2017ல மேல்முறையீட்டுக் கோர்ட் அதை மாத்திச்சு. வாக்கியம் தப்புன்னு சொல்லல. தெளிவா இல்ல, அப்படி இருந்தா தொழிலாளிக்குச் சாதகமாப் படிக்கணும்னு சொன்னாங்க. 2018ல சமரசம் ஆச்சு. சட்டமன்றமும் அந்தப் பட்டியலைத் திருத்தி எழுதிச்சு. கமாவை நம்பாம, ஒவ்வொரு வேலைக்கு நடுவுலயும் அரைப்புள்ளி வச்சுட்டாங்க!