இரண்டு பெயர், ஒரு மெட்டு

கவிதைக்கு ஆசிரியர் ஒருவர் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். இருவர் சேர்ந்து ஒன்றைப் படைத்தால் அது யாருடையது? இலக்கியத்தில் அரிதாகவே எழும் இந்தக் கேள்வி, பாட்டுலகில் அடிக்கடி எழுவதுண்டு.

மன்னார்க் கரையில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாவைக் கேட்டவர்களுக்கு விடை ஓரளவு புரிந்திருக்கும். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார்; மற்றவர்கள் ஏற்றுப் பாடுவார்கள். முதலில் காதில் விழுவது எடுத்துக் கொடுப்பவரின் குரல்தான். ஆனால் ஏற்றுப் பாடுவோர் இல்லாமல் வலை கரைக்கு வராது.

இதே கரையில் இலங்கை வானொலி நமக்குப் பழக்கிய பெயர் விஸ்வநாதன் – ராமமூர்த்தி. அறிவிப்பாளர்கள் ஒரே மூச்சில் சொல்லும்போது அது ஓராளின் பெயர்போலவே ஒலிக்கும். இருவரும் இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமனிடம் பணியாற்றியவர்கள். 1952இல் அவர் மறைந்தபோது எஞ்சிய வேலைகளை இருவரும் சேர்ந்து முடித்தார்கள். அதே ஆண்டில் என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய ‘பணம்’ படத்திற்கு இணைந்து இசையமைத்தார்கள். ராமமூர்த்தி 1922இல் பிறந்தவர். திருச்சியின் வயலின் மரபில் வந்தவர். விஸ்வநாதன் 1928இல் பாலக்காட்டுப் பக்கம் பிறந்தவர். ஆர்மோனியத்தில் மெட்டுக் கட்டுபவர். வயதில் மூத்தவரின் பெயர் இரண்டாவதாக நின்றது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1964ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ‘கர்ணன்’ படத்தில் இந்துஸ்தானி இராகங்களின் கம்பீரம். ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் மேல்நாட்டு மெல்லிசையின் துள்ளல். இரண்டும் அவர்களுடைய இசையே. இதில் எது யாருடைய கை என்று பிரித்துப் பார்க்க முயல்வோர் உண்டு. அது வீண் முயற்சி என்பதே என் கருத்து. ஒருவர் கட்டும் மெட்டுக்கு மற்றவரே முதல் இரசிகர், முதல் விமர்சகர். அந்தச் செவியைத் தாண்டித்தான் பாட்டு நம்மிடம் வருகிறது. அதன் பங்கை எந்த இசைத்தட்டிலும் அச்சிட முடியாது.

இங்கிலாந்தின் ‘பீட்டில்ஸ்’ குழுவில் ஜோன் லெனனும் போல் மெக்கார்ட்னியும் இதை ஓர் உடன்பாடாகவே வைத்திருந்தார்கள். 1957இல் லிவர்பூலில் சந்தித்த அந்த இளைஞர்கள், தனித்து எழுதிய பாடல்களையும் இருவர் பெயரிலேயே வெளியிட்டார்கள். மெக்கார்ட்னி தனியே ஆக்கிய ‘யெஸ்டர்டே’ என்ற பாடலிலும் லெனனின் பெயரே முதலில் நின்றது. நம்மவர்கள் கண்ணதாசன் போன்ற கவிஞர்களின் சொல்லுக்கு இசை தந்தார்கள். அவர்களோ சொல்லையும் மெட்டையும் தாமே ஆக்கினார்கள். வேறுபாடு அவ்வளவே. 1970இல் அக்குழு கலைந்தது. 2002இல் வெளியான இசைத்தொகுப்பொன்றில் மெக்கார்ட்னி தம் பெயரை முன்னே போட்டுக்கொண்டபோது சர்ச்சை எழுந்தது. பெயரின் வரிசைகூட எவ்வளவு கனமானது என்பதற்கு இது சான்று.

நம்முடைய இணை 1965இல், ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு பிரிந்தது. அதன்பின் விஸ்வநாதன் நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். ராமமூர்த்திக்கு வாய்த்தவை மிகச் சில. முப்பது ஆண்டுகள் கழித்து, 1995இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்தில் மீண்டும் ஒருமுறை சேர்ந்தார்கள். 2013இல் ராமமூர்த்தியும் 2015இல் விஸ்வநாதனும் மறைந்தார்கள்.

பிரிந்தபின் ஒருவர் உயர்ந்தார் என்பதால், சேர்ந்திருந்த காலத்துப் பாடல்களும் அவர் ஒருவருடையவை ஆகிவிடமாட்டா. ஆனால் அப்படித்தான் ஆகிவருகிறது. ‘பாசமலர்’ பாடல்களைக்கூட “எம். எஸ். வி. பாட்டு” என்று பாதிப் பெயரால் சொல்லிவிடுகிறோம். விஸ்வநாதனின் மேதைமையில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், இருவர் கூடித் தந்ததை ஒருவர் கணக்கில் எழுதுவது இரசனையும் ஆகாது, வரலாறும் ஆகாது. அந்தப் பழைய பாடல்களை அறிவிக்கும்போதாவது முழுப் பெயரையும் சொல்வோம். பின்னால் நிற்கும் பெயர் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டதன்று. அதுவும் வலை இழுத்த கைதான்.