உஷார்! திரை இருண்டுவிட்டது, ஆனால் கம்பியூட்டர் நிற்கவில்லை

படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்களே, கொஞ்சம் கவனியுங்கள். 'ஷட் டவுன்' கொடுத்தாயிற்று, திரையும் கறுத்துவிட்டது என்று அப்படியே எழும்பிப் போய்விடாதீர்கள். பெட்டிக்குக் கிட்டக் காதை வையுங்கள். விசிறி இரைகிறதா? முன்பக்கச் சின்ன லைட் எரிகிறதா? அப்படியானால் அது இன்னும் அணையவில்லை. அந்த நேரம் சுவர் சுவிச்சைத் தொடாதீர்கள்!

கந்தப்பளையில் ஒரு தோட்டத்து வீட்டில் நடந்தது. பெயர் வேண்டாம். உயர்தரம் படிக்கிற பிள்ளை. கொஞ்ச நாளாகவே திரை மட்டும் அணையும், விசிறி சுற்றிக்கொண்டே கிடக்கும். கரண்ட் பில் ஏறுமே என்று அம்மா ராத்திரியில் சுவிச்சைத் தட்டிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியுமா? எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். ஒருநாள் விண்டோஸ் அப்டேட் ஏறிக்கொண்டிருந்த நேரத்திலும் அதே சுவிச். மறுநாள் காலை வெறும் நீலத் திரை. நோட்ஸ், செயற்றிட்ட அறிக்கை, செத்துப்போன தாத்தாவின் படங்கள், எதற்கும் வேறு பிரதி இல்லை. நுவரெலியாவுக்குக் கொண்டுபோய் நோட்ஸில் பாதியை மீட்டார்கள். படங்கள் போனது போனதுதான்.

இத்தனைக்கும் காரணம், பின்னால் சொருகியிருந்த பழைய பிரிண்டரின் யூஎஸ்பி வயர்! பிரிண்டரின் டிரைவர் விண்டோஸை அணையவிடாமல் இழுத்துப் பிடித்திருக்கிறது. வயரைக் கழற்றியதும் பெட்டி ஒழுங்காக அணைந்தது. அதனால் உங்கள் வீட்டிலும் முதலில் கீபோர்ட், மவுஸ் தவிர மற்ற எல்லா யூஎஸ்பி வயரையும் கழற்றிவிட்டு அணைத்துப் பாருங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. அது இயங்கினால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உள்பகுதி முழுதாக மூடாது. இருந்த நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் அணையும். பழைய கோளாறு மறுநாளும் தொடர்வது இதனால்தான். டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபோமன்ஸ்' பக்கத்தில் 'அப் டைம்' என்று இருக்கும். தினமும் அணைக்கிற பெட்டி அங்கே பல நாள் கணக்குக் காட்டினால் விஷயம் இதுதான். ஷிப்ட் கீயை அமுக்கிக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், முழுதாக அணையும். அதற்குப் பிறகு கோளாறு வராவிட்டால், கன்ட்ரோல் பெனலில் 'பவர் ஒப்ஷன்ஸ்' போய் அந்த வசதியையே நிறுத்திவிடுங்கள்.

இவற்றைக் கண்டால் உஷார்! அணைத்த பெட்டி தானாகவே திரும்ப எழும்புகிறது. காலையில் தொட்டால் சூடாக இருக்கிறது. அணைக்கும்போது ஒரே புரோகிராமின் பெயர் ஒவ்வொரு தடவையும் தடையாக வருகிறது. டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' சத்தம். இந்தக் கடைசி ஒன்று இருந்தால் வேறு எதையும் நோண்டாமல் முதலில் ஃபைல்களைக் காப்பாற்றுங்கள். மவுஸ் லைட் மட்டும் எரிந்தால் பயப்படத் தேவையில்லை. அணைந்த பெட்டிக்குள்ளும் 5 வோல்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அப்டேட் ஓடினால் ஒரு மணித்தியாலம் ஆனாலும் காத்திருங்கள். அப்டேட்டும் இல்லை, வெகுநேரமாக அசையவும் இல்லை என்றால் மட்டும் பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள். அதையே பழக்கமாக்கிவிடாதீர்கள்.

லெப்டொப் வைத்திருப்பவர்களே, உங்களுக்குத்தான் ஆபத்து கூட! மூடியைச் சாத்தினால் அது பெரும்பாலும் தூங்கத்தான் செய்யும். அப்படியே பையில் போட்டு பஸ் ஏறினால், உள்ளே விழித்துக்கொண்டு காற்றில்லாமல் கொதிக்கலாம். அடிப்பக்கம் உப்பியிருந்தால், டச்பேட் மேலெழும்பியிருந்தால் பேட்டரி வீங்கிவிட்டது. சார்ஜ் போடாதீர்கள். அமுக்காதீர்கள். குத்தாதீர்கள். தீப்பிடிக்கும்.

ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடி நம் மலைக்குப் புதிதல்ல. ஷட் டவுன் செய்திருப்பது மின்னலுக்குத் தெரியாது. வானம் கறுக்கும்போதே ஒழுங்காக அணைத்து, பிளக்கையும் ரவுட்டர் வயரையும் கழற்றிவிடுங்கள். முழங்கத் தொடங்கிய பிறகு வயரில் கை வைக்காதீர்கள்.

பெட்டியைப் பழுது பார்ப்பது நாளைக்கு ஆகட்டும். இன்றிரவே பிள்ளையின் நோட்ஸையும் வீட்டுப் படங்களையும் ஒரு பென்டிரைவில் ஏற்றி, கழற்றி, அலுமாரியில் வைத்துவிடுங்கள்.