எந்த மாநிலத்து ஆள்?

ஒரு சின்னப் பரீட்சை. பேனா எடுக்க வேண்டாம், மனசுக்குள் பதில் சொன்னால் போதும். மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில் எந்த மாநிலத்தின் பிரதிநிதியாக இருந்தார்? நிர்மலா சீதாராமன் எந்த மாநிலத்திலிருந்து தேர்வானவர்? எஸ். ஜெய்சங்கர்? எல். முருகன்? 2016இல் ப. சிதம்பரம் மாநிலங்களவைக்குப் போனது எங்கிருந்து?

தோழர்கள் சிலரிடம் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அரசியலைக் கரைத்துக் குடித்தவர்கள்கூட முதல் கேள்விக்குப் பஞ்சாப் என்கிறார்கள். மற்றவர்களுக்கெல்லாம் 'நம்மாளுங்கதானே, தமிழ்நாடுதான்' என்று பதில் வருகிறது. மன்மோகன் சிங் 1991 முதல் 2019 வரை அசாமின் உறுப்பினர். 2019 முதல் 2024 வரை ராஜஸ்தானின் உறுப்பினர். நிர்மலா சீதாராமன் 2014இல் ஆந்திரத்திலிருந்தும், 2016, 2022 ஆண்டுகளில் கர்நாடகத்திலிருந்தும் தேர்வானார். ஜெய்சங்கர் 2019லும் 2023லும் குஜராத். முருகன் 2021லும் 2024லும் மத்தியப் பிரதேசம். சிதம்பரம் மகாராஷ்டிரம், 2022இல்தான் தமிழ்நாடு.

பரீட்சையில் தோற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. இந்தத் தவறான பதில்களை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அமைப்பே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

மாநிலங்களவை உறுப்பினரை நீங்களும் நானும் தேர்ந்தெடுப்பதில்லை. நாம் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்க செனட்டர்களையும் ஒரு காலத்தில் மாநிலச் சட்டமன்றங்கள்தான் தேர்ந்தெடுத்தன. 1913இல் வந்த 17ஆவது திருத்தம் அந்த உரிமையை நேரடியாக வாக்காளர்களிடம் கொடுத்தது. செனட்டராகிறவர் தேர்வாகும்போது அந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்பதும் அங்கே அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. இங்கே அப்படியொரு நிபந்தனை 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் மட்டும் இருந்தது. எந்த மாநிலத்திலிருந்து போகிறாரோ அந்த மாநிலத்தில் வாக்காளராகப் பதிவு செய்திருக்க வேண்டும் என்றது அது. கட்சிகள் அதற்கும் வழி கண்டுபிடித்தன. ஒரு முகவரி, வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர், அவ்வளவுதான்.

2003இல் வந்த திருத்தம் அந்தச் சிரமத்தையும் நீக்கியது. இந்தியாவில் எங்காவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும் என்றாயிற்று. அதே திருத்தம் இன்னொன்றையும் செய்தது. மாநிலங்களவைத் தேர்தலில் ரகசிய வாக்கை ஒழித்தது. வாக்குச்சீட்டைத் தன் கட்சியின் முகவரிடம் காட்டிவிட்டுத்தான் சட்டமன்ற உறுப்பினர் பெட்டியில் போட வேண்டும். விலைக்கு வாங்குவதைத் தடுக்கத்தான் இது என்றார்கள். பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் இந்தத் திருத்தத்தை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனார். 2006 ஆகஸ்டில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு திருத்தம் செல்லும் என்றது. அந்த மாநிலத்தில் வசித்தாக வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் நிபந்தனை அல்ல, கூட்டாட்சிக்கும் அதனால் பங்கமில்லை என்றது.

இரண்டு திருத்தங்களையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. முதலாவது, உறுப்பினரை மாநிலத்திடமிருந்து விடுவித்தது. இரண்டாவது, அவரைத் தேர்ந்தெடுப்பவர்களைக் கட்சித் தலைமையோடு கட்டிப்போட்டது. பெயரோ மாநிலங்களின் அவை. உள்ளே போகிற வழியோ கட்சி அலுவலகம்.

பிரதிநிதித்துவம் என்ற சொல்லில் இரண்டு காரியங்கள் ஒளிந்திருப்பதை காயத்ரி ஸ்பிவக், மார்க்ஸின் 'பதினெட்டாம் புருமேர்' நூலை முன்வைத்து விளக்கியிருக்கிறார். ஒன்று, ஒருவருக்குப் பதிலாகப் போய் நிற்பது: வக்கீல் செய்கிற வேலை. மற்றது, ஒருவரை எடுத்துக்காட்டுவது, சித்தரிப்பது: ஓவியர் செய்கிற வேலை. மார்க்ஸின் ஜெர்மன் மொழியில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள். ஆங்கிலம் போலவே நம் பேச்சும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறது. 2024 ஜூனில் பதவியேற்ற மத்திய அமைச்சர் குழுவில் நிர்மலா, ஜெய்சங்கர், முருகன் மூவரும் இருந்தார்கள். தமிழர்களுக்கு இத்தனை இடம் என்று கணக்குக் காட்டப்பட்டது. சித்திரத்தில் அவர்கள் தமிழ்நாடு. வக்காலத்தில் கர்நாடகம், குஜராத், மத்தியப் பிரதேசம். காவிரிப் பிரச்சினை வந்தால் நிர்மலா யாருக்காகப் பேச வேண்டும்? சட்டப்படி கர்நாடகத்துக்காக. நம் பரீட்சையில் 'தமிழ்நாடு' என்று சொன்னவர் சித்திரத்தைப் பார்த்து வக்காலத்து என்று நம்பியவர்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அசாமைப் பாருங்கள். மாநிலங்களவையில் உத்தரப் பிரதேசத்துக்கு 31 இடங்கள். சிக்கிமையும் சேர்த்து வடகிழக்கின் எட்டு மாநிலங்களுக்குமாக 14தான். அதில் 7 அசாமுக்கு. அந்த ஏழில் ஒன்று 28 ஆண்டுகள் மன்மோகன் சிங்கிடம் இருந்தது. குவாஹாத்தியில் அவருக்கு ஒரு வாடகை வீட்டு முகவரி இருந்தது. சட்டம் கேட்டதும் அதற்கு மேல் இல்லை. அவர்மீது தனிப்பட்ட குற்றச்சாட்டாக இதைச் சொல்லவில்லை. ஆனால் அதே அசாமில், 1971 மார்ச் 24க்கு முன்பே தாங்களோ தங்கள் முன்னோரோ இந்த நாட்டில் இருந்ததற்குக் காகிதம் காட்டும்படி சாதாரண ஜனங்களிடம் கேட்டார்கள். 2019 ஆகஸ்ட் 31இல் வந்த குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடுபட்டார்கள். அதே ஆகஸ்டில்தான் மன்மோகன் சிங் ராஜஸ்தானிலிருந்து போட்டியின்றித் தேர்வானார். மேலே இருப்பவருக்கு ஊர் மாறுவது ஒரு படிவம். கீழே இருப்பவருக்கு ஊர் என்பது உயிர்ப் பிரச்சினை.

இதைப் படித்ததும் 'அப்போ மண்ணின் மைந்தர்கள் மட்டுமே போகட்டும்' என்று யாராவது கொடி பிடித்தால் நான் அந்தப் பக்கம் இல்லை. 1946இல் அரசியல் நிர்ணய சபைக்கு அம்பேத்கர் எங்கிருந்து போனார்? பம்பாயில் காங்கிரஸ் அவருக்கு வழிவிடவில்லை. வங்காளத்தில் ஜோகேந்திரநாத் மண்டலும் தாழ்த்தப்பட்ட வகுப்பு உறுப்பினர்களும் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். பிரிவினையில் அந்த இடம் போனது. 1947இல் பம்பாயிலிருந்து மறுபடி வந்தார். பூர்வீகம் பார்த்திருந்தால் 1946இல் அவர் உள்ளே நுழைந்திருக்கவே முடியாது.

அம்பேத்கரும் வெளியூர்க்காரர், இவர்களும் வெளியூர்க்காரர்கள். வித்தியாசம் அனுப்பியவர்களிடம் இருக்கிறது. வங்காளத்தின் அந்த உறுப்பினர்கள் நாட்டின் மிகப் பெரிய கட்சியின் விருப்பத்தை மீறித் தங்களுக்கான குரலைத் தாங்களே தேர்ந்துகொண்டார்கள். 2003க்குப் பிறகு, தலைமை எழுதிய பெயருக்கு எதிரே குறி போட்டு, அதை முகவரிடம் காட்டிவிட்டு வருகிறார்கள்.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். உறுப்பினர் எந்த ஊரில் பிறந்தார், எந்த மொழி பேசுகிறார் என்பதை விட்டுவிடலாம். அவரை யார் அனுப்பினார்கள், அவரிடம் கணக்குக் கேட்க யாருக்கு உரிமை, அந்த உரிமையை எங்கே போய்ப் பயன்படுத்துவது? தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் 18 இடங்கள். அந்த 18 பேரின் பெயரைச் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்? பெயரே தெரியாதவரிடம் கணக்குக் கேட்பது எப்படி? பட்டியலைத் தேடிப் பிடித்து, பதினெட்டுப் பேரில் ஒருவருக்காவது ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். பதில் வருகிறதா, யார் பெயரில் வருகிறது என்பதைப் பொறுத்து மீதிப் பாடம் விளங்கும்.