விடுதி விளக்கும் விவேகக் கருவியும்

இரண்டு திங்களுக்கு ஒருமுறை நம் பங்கின் மாணவர் விடுதிக்கு வரும் மின்கட்டணத் தொகையைக் காணும்போதெல்லாம் நம்மிடம் ஒரு பெருமூச்சு எழும். விசிறியைச் சுழலவிடுபவன் மாணவன். பணம் செலுத்துவதோ விடுதி. வீட்டில் தந்தையின் கடிந்துரைக்கு அஞ்சி விளக்கை அணைக்கும் பிள்ளை இங்கே அணைக்க மறப்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

முதலில் விசிறிகளை மாற்றினோம். பழைய விசிறி முழு வேகத்தில் ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் உண்ணும். பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகைக்கு 30 வாட் அளவே போதும். நாளொன்றுக்கு 10 மணி நேரம் ஓடினால், விசிறி ஒன்றுக்கு மாதம் 13 யூனிட்டுக்கு மேல் மிச்சம். இதற்கு மாணவனின் ஒத்துழைப்புக்கூடத் தேவையில்லை.

அடுத்ததில்தான் தவறினோம். ஆளில்லாவிடில் தாமே அணையும் விளக்குகளைப் படிப்பறையில் பொருத்தினோம். தேர்வுக் காலத்தில் ஓரிரவு அப்பக்கம் சென்றபோது, இருளில் ஒரு மாணவன் கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருக்கக் கண்டோம்.

"என்னப்பா செய்கிறாய்?"

"விளக்கு எரிவதற்காக, ஃபாதர். அசையாமல் படித்தால் அணைந்துவிடுகிறது."

அக்கருவி உணர்வது உடல் வெப்பத்தின் அசைவை மட்டுமே. நூலில் ஆழ்ந்து அமர்ந்திருப்பவன் அதன் கணக்கில் இல்லாதவன்! அம்மாணவனோ தன் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதற்பிள்ளை. மறுநாளே அவற்றைக் கழற்றி, மாடிப்படிக்கும் குளியலறை வழிக்கும் மாற்றினோம். அங்கே எவரும் அசையாது நிற்பதில்லை.

பின்னர், நொடிக்கு நொடி செலவைக் காட்டும் மீட்டர்கள் பற்றிய பேச்சு எழுந்தது. அறைதோறும் மாட்டி, அவரவர் செலவை அவரவரிடமே வாங்கலாம் என்றனர் விடுதிக் குழுவினர் சிலர். நாம் இசையவில்லை. வசதியுள்ளவன் காற்று வாங்குவான். இல்லாதவன் சித்திரை வெயிலிலும் விசிறியை நிறுத்திவிட்டு வியர்ப்பான். அன்றியும், ஓர் அறையின் மின்கணக்கைப் பார்த்தே அங்குள்ளவன் எப்போது உறங்குகிறான், எப்போது வெளியேறுகிறான் என்று ஊகிக்கலாம். அவ்வளவு அறிந்துகொள்ளும் உரிமை நமக்கில்லை.

எனவே மாடிக்கு ஒரு மீட்டர் என முடிவாயிற்று. அதன் கணக்கை உணவுக்கூடத்தில் அனைவரும் காணும்படி வைத்தோம். இதற்கு முன்மாதிரி உண்டு. 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியில், மாணவர் விடுதிகளுக்கிடையே இரு வாரப் போட்டி ஒன்று நடந்தது. விடுதிகளின் மின்செலவு மொத்தத்தில் 32 விழுக்காடு குறைந்தது. செலவை உடனுக்குடன் நுணுக்கமாகக் காட்டிய விடுதிகளில் 55 விழுக்காடு குறைந்தது. பரிசின் கவர்ச்சியும் அதில் உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை; இரு வார ஊக்கம் ஆண்டு முழுதும் நிற்குமா என்பது வேறு கேள்வி.

நம் பிள்ளைகள் பலகையைப் பார்க்கத் தொடங்கிய மூன்றாம் நாள், ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். "ஃபாதர், உங்கள் அலுவலகத்தின் ஏ.சி. கணக்கையும் இதில் போடலாமா?"

போட்டோம். முதல் வாரத்தில் நாமே கடைசியில் நின்றோம்.